அரசு முடங்கிய 43 நாட்கள்: ஊழியராகவும் பயணியின் மகளாகவும் நான் கற்றவை

2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை அமெரிக்க மத்திய அரசு முடங்கிக் கிடந்தது. அந்த நாட்டின் வரலாற்றில் அதுவரை நடந்த முடக்கங்களில் மிக நீண்டது அதுதான். அதற்கு முன், 2018 டிசம்பர் 22 முதல் 2019 ஜனவரி 25 வரை நீடித்த 35 நாள் முடக்கமே பெரிதாகப் பேசப்பட்டது. நான் மேரிலாந்து மாநிலத்தில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் பணிபுரிகிறேன். வீட்டில் நானும் பள்ளிக்குச் செல்லும் என் மகனும் மட்டுமே. என் சம்பளம்தான் ஒரே வருமானம். முடக்கம் தொடங்கியபோது திருச்சியிலிருந்து வந்திருந்த என் அம்மாவும் எங்களுடன் இருந்தார். எனக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலானோர் தனியார் நிறுவனங்களில் இருப்பதால், யாரிடம் கேட்டாலும் "உங்களுக்கென்ன, சம்பளத்தோடு லீவுதானே" என்ற பதிலே வந்தது. அது விடுமுறையாக இல்லை. எந்தக் கடிதத்தை எப்போது எழுத வேண்டும், எந்தக் கதவை முதலில் தட்ட வேண்டும் என்று சொல்லித் தர ஆளில்லாமல் தனியாகத் தடுமாறியதால், அடுத்து இந்த நிலையில் சிக்குபவர்களுக்காக நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

அம்மா ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர். "கால் காசு உத்தியோகம்னாலும் கவர்மெண்ட் உத்தியோகம்" என்று சொல்லிச் சொல்லி எங்களை வளர்த்தவர். செப்டம்பர் கடைசியில் செய்திகளைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, கவர்மெண்ட்ல சம்பளம் நிக்குமா?" என்று அவர் கேட்டபோது, அவருக்குப் புரியும்படி விளக்க எனக்குச் சற்று நேரம் பிடித்தது. நம் ஊரில் நிதி மசோதா மக்களவையில் தோற்றால் ஆட்சியே கவிழ்ந்துவிடும். முழு பட்ஜெட் தயாராகாவிட்டால் இடைக்காலச் செலவுக்கு அனுமதி வாங்கிக்கொண்டு அரசு நடக்கும். அமெரிக்காவில் அதிபரின் பதவிக்காலமும் காங்கிரஸ் எனப்படும் நாடாளுமன்றம் நிதி ஒதுக்குவதும் தனித்தனி. நிதியாண்டு செப்டம்பர் 30 நள்ளிரவில் முடிகிறது. அதற்குள் இரு அவைகளும் ஒதுக்கீட்டுச் சட்டத்தையோ தற்காலிக நீட்டிப்பையோ நிறைவேற்றாவிட்டால், ஒதுக்கப்படாத பணத்தைச் செலவிடக் கூடாது என்னும் பழைய சட்டம் குறுக்கே வந்து நிற்கும். அந்தச் சட்டத்தின் வேர் 1884 வரை போகிறது. ஆனாலும் 1980-இல் அன்றைய அட்டர்னி ஜெனரல் பெஞ்சமின் சிவிலெட்டி அதைக் கறாராகப் பொருள்கொண்டு கருத்துரை வழங்கிய பிறகுதான், நிதி இடைவெளி ஏற்பட்டவுடன் அலுவலகங்களைப் பூட்டும் வழக்கம் உருவானது. அதற்கு முன்பும் நிதி இடைவெளிகள் இருந்தன. அலுவலகங்கள் பெரும்பாலும் நடந்துகொண்டுதான் இருந்தன. இதைக் கேட்ட அம்மா, "அப்போ யாரோ சண்டை போட, நீ பட்டினியா?" என்றார். அதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் எங்கும் படிக்கவில்லை.

அக்டோபர் 1 காலையில் அலுவலகத்துக்குச் சென்று, கணினியில் தானியங்கிப் பதில் மின்னஞ்சலை அமைத்து, கோப்புகளை ஒழுங்குபடுத்தி, ஃபர்லோ, அதாவது சம்பளமில்லாக் கட்டாய விடுப்பு, என்னும் அறிவிப்பைப் பெற்றுக்கொண்டு நண்பகலுக்குள் வீடு திரும்பினேன். ஊழியர்கள் இரு பிரிவாகப் பிரிக்கப்படுகிறார்கள். உயிரையும் உடைமையையும் காக்கும் பணியில் உள்ளவர்கள் 'எக்செப்டட்' எனப்படுவார்கள். அவர்கள் சம்பளமின்றி வேலைக்கு வந்தே ஆக வேண்டும். மற்றவர்கள் ஃபர்லோவில் அனுப்பப்படுவார்கள். இந்த முறை ஒவ்வொரு பிரிவிலும் ஆறு லட்சத்துக்கும் அதிகமானோர் இருந்தனர். ஃபர்லோவில் உள்ளவர் வீட்டிலிருந்துகூட வேலை செய்யக் கூடாது. அலுவலக மடிக்கணினியைத் திறந்து மின்னஞ்சல் பார்ப்பதும் விதிமீறலே, ஏனெனில் அரசுக்கு இலவசமாக உழைப்பதையே அந்தச் சட்டம் தடை செய்கிறது. முன்பே ஒப்புதல் பெற்ற சம்பள விடுப்பும் ரத்தாகிவிடும். அம்மாவுடன் ஊர் சுற்றுவதற்காக அக்டோபர் நடுவில் நான் எடுத்து வைத்திருந்த விடுப்பு அப்படித்தான் காணாமல் போனது. அந்த நாட்களும் ஃபர்லோ கணக்கிலேயே சேர்ந்தன.

இங்கே ஒரு முக்கியமான குறிப்பு. செப்டம்பர் கடைசி வாரத்திலேயே உங்களுடைய கடைசிச் சில சம்பளச் சீட்டுகள், பணி நியமன விவரம் காட்டும் எஸ்.எஃப்-50 படிவம், மேலதிகாரியின் தனிப்பட்ட தொலைபேசி எண், மனிதவளப் பிரிவின் எண் ஆகியவற்றை வீட்டுக் கணினியில் சேமித்துவிடுங்கள். அலுவலக அடையாள அட்டையைச் செருகினால்தான் திறக்கும் தளங்கள், மடிக்கணினியை மூடிய மறுகணமே உங்களுக்கு எட்டாதவையாகிவிடும். பிறகு வாடகை வீட்டுக்காரரும் வங்கியும் மாநில வேலையின்மை உதவி அலுவலகமும் கேட்கப்போவது இந்த ஆவணங்களைத்தான். எனக்கு அச்சிட்ட பிரதிகள் ஒரு கோப்பில் இருந்தன. என் பிரிவில் ஒரு சகோதரிக்கு அவை இல்லாததால், விண்ணப்பம் பல நாட்கள் நகராமல் கிடந்தது.

சம்பளம் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வரும். அக்டோபர் 10 அன்று வந்தது செப்டம்பர் 30 வரையிலான பகுதிச் சம்பளம். பகுதிச் சம்பளம் என்றவுடன் நாட்களை வைத்து வகுத்து ஒரு தொகையை மனத்தில் வைத்திருந்தேன். வந்தது அதைவிடக் குறைவு. மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியம் போன்ற பிடித்தங்கள் நாள் கணக்கில் குறையாமல் முழுதாகவே கழிக்கப்பட்டிருந்தன. அக்டோபர் 24 அன்று ஒரு டாலர்கூட வரவில்லை. நவம்பர் 7-ம் அப்படியே கழிந்தது. ஆறுதலான ஒரு செய்தி, ஃபர்லோ காலத்தில் மருத்துவக் காப்பீடு அறுந்துபோவதில்லை; கட்டாத பிரீமியம் சேர்ந்து, சம்பளம் திரும்பும்போது பிடிக்கப்படும். இது தெரியாததால் மருந்து வாங்குவதைத் தள்ளிப்போட்ட ஒருவரை நான் அறிவேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

வாடகைக்கு என்ன செய்வது என்பதே முதல் பெரிய கவலை. மத்திய அரசின் பணியாளர் மேலாண்மை அலுவலகம், கடன் கொடுத்தவர்களுக்கும் வீட்டுக்காரர்களுக்கும் அனுப்ப மாதிரிக் கடிதங்களைத் தன் தளத்தில் வைத்திருக்கிறது. அதில் என் பெயரை இட்டு, ஃபர்லோ அறிவிப்பின் பிரதியை இணைத்து, நவம்பர் வாடகை நாளுக்கு இரண்டு வாரம் முன்பே குடியிருப்பு அலுவலகத்தில் கொடுத்தேன். அந்தப் பெண் கனிவாகப் பேசினார், "பார்த்துக்கொள்ளலாம்" என்றார். பார்த்துக்கொள்ளலாம் என்னும் சொல்லை மட்டும் நம்பிக் கிளம்பிவிடக் கூடாது. பாதி வாடகையை இப்போதும் மீதியைச் சம்பளம் வந்த பின்பும் கட்டலாம், தாமதக் கட்டணம் இல்லை என்று மின்னஞ்சலில் எழுதி வாங்கிய பிறகே எனக்குத் தூக்கம் வந்தது. கார் கடன் நிறுவனம் ஒரு தவணையைக் கடைசிக்குத் தள்ளி வைத்தது. ஆனால் அந்த மாத வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும் என்பதை நான் கேட்ட பிறகே சொன்னார்கள். ஆகவே எந்தச் சலுகை தந்தாலும், வட்டி நிற்குமா ஓடுமா, கடன் மதிப்பெண் நிறுவனங்களுக்குத் தவறிய தவணையாகத் தெரிவிப்பார்களா, தள்ளிவைத்த தொகையை ஒரே மூச்சில் கேட்பார்களா என்பதைக் கேட்டு விடையை எழுத்தில் வாங்குங்கள். அரசு ஊழியர்களுக்கான சில கடன் சங்கங்கள் வட்டியில்லாமல் ஒரு சம்பள அளவுக்குக் கடன் கொடுத்தன. முடக்கம் தொடங்கும் முன்பே சம்பளம் அங்கே வரவாகிக்கொண்டிருந்தால்தான் அது எளிதில் கிடைக்கும். அவசரத்தில் புதிதாகக் கணக்குத் தொடங்கிப் பெறுவது கடினம்.

அடுத்தது வேலையின்மை உதவித்தொகை. இதைப் பற்றிப் பேசவே நம்மவர்கள் கூச்சப்படுகிறார்கள். எனக்கும் விண்ணப்பப் பக்கத்தைத் திறந்தபோது கை தயங்கியது. படித்து, தேர்வாகி, உறுதிமொழி எடுத்துச் சேர்ந்த வேலையில் இருந்துகொண்டே வேலையற்றவர் என்று பதிவு செய்வது வலித்தது. ஆனாலும் ஃபர்லோவில் உள்ள ஊழியருக்கு அது சட்டப்படியான உரிமை. வீடு இருக்கும் மாநிலத்தில் விண்ணப்பிக்க வேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். அலுவலகம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும். மேரிலாந்தில் குடியிருந்து வாஷிங்டன் டி.சி.யில் வேலை பார்ப்பவர் டி.சி.யில் விண்ணப்பிக்க வேண்டும். மேரிலாந்தில் அப்போது வாரத்துக்கு அதிகபட்சம் 430 டாலர். என் மாத வாடகைக்கு முன் அது சிறிய தொகை. ஆயினும் காய்கறிக்கும் மின்கட்டணத்துக்கும் கைகொடுத்தது. முழுநேரம் சம்பளமின்றி வேலை பார்க்கும் எக்செப்டட் ஊழியர்களுக்கோ பொதுவாக இந்த வாய்ப்பும் இல்லை; தினமும் பெட்ரோல் செலவழித்து வேலைக்குப் போவதும் அவர்கள்தான். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. பழைய சம்பளம் மொத்தமாக வந்தவுடன் இந்த உதவித்தொகையைத் திருப்பிக் கட்ட வேண்டும். ஆகவே இதைக் கைமாற்றாகவே கணக்கில் எழுதுங்கள். பகுதிநேரமாக வேறு வேலை பார்க்க நினைப்பவர்கள், அரசு ஊழியர் நடத்தை விதிகள் ஃபர்லோவிலும் பொருந்தும் என்பதை நினைவில் கொண்டு, உங்கள் அலுவலகத்தில் முன்அனுமதி தேவையா என்று முடக்கத்துக்கு முன்பே கேட்டு வைப்பது நல்லது.

பணத்தைவிட அதிகமாக என்னை வாட்டியது நிச்சயமின்மை. 2019-இல் இயற்றப்பட்ட சட்டம், முடக்கம் முடிந்ததும் ஃபர்லோவில் இருந்தவர்களுக்கும் பின்சம்பளம் உண்டு என்று உறுதியளிக்கிறது. 'பேக் பே' என்று நாங்கள் சொல்வது இதைத்தான். அந்தச் சட்டத்தை நம்பியே முதல் வாரம் அமைதியாக இருந்தேன். அக்டோபர் 7 அன்று, பின்சம்பளம் தானாக வந்துவிடாது, காங்கிரஸ் தனியாக ஒதுக்க வேண்டும் என்று வாதிடும் வெள்ளை மாளிகை வரைவுக் குறிப்பு ஒன்று பற்றிய செய்தி வெளியானது. அக்டோபர் 10 அன்று சுமார் 4,000 ஊழியர்களுக்குப் பணிநீக்க அறிவிப்புகள் போயின. சான் பிரான்சிஸ்கோவில் ஒரு மத்திய நீதிபதி பின்னர் அவற்றைத் தடுத்து நிறுத்தினார். இடைப்பட்ட நாட்களில் ஒவ்வொரு மின்னஞ்சல் ஒலிக்கும் நெஞ்சு பதறியது. அக்டோபர் 20 அன்று தீபாவளி. மகனுக்குப் புதுச்சட்டை மட்டும் வாங்கினேன். அம்மா ரவா லாடும் முறுக்கும் செய்து அக்கம்பக்கம் கொடுத்துவிட்டு வந்து, இரவு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என் பக்கத்தில் நின்று, "என் பென்ஷன் பணம் பேங்க்லதான் கிடக்கு, தம்பிகிட்ட சொல்லி அனுப்பச் சொல்லட்டுமா?" என்று கேட்டார். நாற்பது வயதுக்கு மேல் அந்தக் கேள்வியைக் கேட்க நேர்ந்ததில் எனக்கு வந்த அழுகையை நான் மறைக்கவில்லை. வேண்டாம் என்றேன், அடுத்த நாளே வேலையின்மை விண்ணப்பத்தின் நிலையைக் கேட்டு மறுபடி தொலைபேசியில் உட்கார்ந்தேன்.

என் நிலையைவிட மோசமான நிலையில் இருந்தவர்கள் ஒப்பந்த ஊழியர்கள். அரசுத் திட்டங்களில் தனியார் நிறுவனங்கள் வழியாக மென்பொருள் வேலை செய்யும் தமிழர்கள் இந்தப் பகுதியில் நிறையப் பேர். எங்கள் குடியிருப்பிலேயே மதுரைக்காரர் ஒருவர் அப்படி இருக்கிறார். அரசு வேலையை நிறுத்தச் சொன்னதும் அவருடைய நிறுவனம் முதலில் சேமிப்பு விடுப்பைக் கழித்தது. பிறகு சம்பளத்தையே நிறுத்தியது. 2019-ஆம் ஆண்டுச் சட்டம் ஒப்பந்த ஊழியர்களைக் காப்பதில்லை. அவர்களுக்குப் பின்சம்பளம் கிடையாது. அவர் பச்சை அட்டை உள்ளவர். எச்-1பி என்னும் வேலை விசாவில் இருப்பவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். வேலை இல்லை என்ற காரணத்துக்காக எச்-1பி ஊழியரைச் சம்பளமின்றி உட்கார வைக்கச் சட்டம் முதலாளிக்கு அனுமதி தருவதில்லை. மேலும், குடியேற்ற மனுக்களைப் பரிசீலிக்கும் அலுவலகம் விண்ணப்பக் கட்டணத்தில் நடப்பதால் முடக்கத்திலும் இயங்கியது. ஆனால் அந்த மனுவுக்கு முன் தேவைப்படும் தொழிலாளர் துறைச் சான்று அக்டோபர் 1 முதல் அந்த மாதக் கடைசி வரை நின்றுபோனது. வேலை மாற்றம் அல்லது வேலையிட மாற்றம் திட்டமிட்டிருந்தவர்கள் நடுவழியில் நின்றார்கள். செப்டம்பர் மாதத்தில் அத்தகைய மாற்றம் ஏதும் உங்களுக்கு இருந்தால், சான்றை 30-ஆம் தேதிக்கு முன்பே வாங்கிவிடும்படி நிறுவனத்தின் வழக்கறிஞரை நச்சரியுங்கள்.

ஊர் சுற்றுவது பற்றி ஒரே வரி. வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்கள் கையிருப்பு நிதியில் அக்டோபர் 11 வரை திறந்திருந்தன; 12 முதல் மூடப்பட்டன. முடக்கம் தொடங்கிய முதல் வாரத்திலேயே அம்மாவை அழைத்துப்போய் விண்கலங்களைக் காட்டிவிட்டேன், அந்த மட்டும் திருப்தி.

இனி விமானப் பயணத்துக்கு வருகிறேன். விரிவாகச் சொல்ல வேண்டியது இதுதான். அம்மா மே 17 அன்று வந்திறங்கினார். அனுமதிக்கப்பட்ட தங்கல் ஆறு மாதம், அதாவது நவம்பர் 16 வரை. நம் பெற்றோர்களின் கடவுச்சீட்டில் விசா பத்து ஆண்டுக்கு இருக்கலாம். ஆனால் எந்த நாள் வரை தங்கலாம் என்பதைத் தீர்மானிப்பது ஐ-94 என்னும் வருகைப் பதிவுதான். அதை எல்லைப் பாதுகாப்புத் துறையின் தளத்தில் பார்த்து அச்செடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். திரும்பும் பயணத்தை நவம்பர் 9, ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிவு செய்திருந்தோம். வாஷிங்டனின் ரீகன் விமான நிலையத்திலிருந்து நியூ ஜெர்சியின் நெவார்க், அங்கிருந்து டெல்லி, பிறகு சென்னை. எல்லாம் ஒரே டிக்கெட். திருச்சியில் ஒரு பயண முகவர் வழியாக வாங்கியது.

விமானக் கட்டுப்பாட்டாளர்கள் சுமார் 13,000 பேரும், விமான நிலையப் பாதுகாப்புச் சோதனை ஊழியர்கள் சுமார் 50,000 பேரும் சம்பளமின்றி வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்டோபர் தொடக்கத்திலேயே கலிஃபோர்னியாவின் பர்பேங்க் விமான நிலையக் கோபுரம் சில மணி நேரம் ஆளின்றிக் கிடந்தது. கட்டுப்பாட்டாளர்களின் முதல் முழுச் சம்பளம் அக்டோபர் 28 அன்று வராமல் போனபின் விடுப்புகள் பெருகின. நவம்பர் 5 அன்று போக்குவரத்துத் துறைச் செயலர் ஷான் டஃபியும் விமானப் போக்குவரத்து நிர்வாகத் தலைவர் பிரையன் பெட்ஃபோர்டும், நாட்டின் 40 பெரிய விமான நிலையங்களில் விமானங்களைப் படிப்படியாக 10 சதவீதம் வரை குறைக்கப்போவதாக அறிவித்தார்கள். நவம்பர் 7 முதல் 4 சதவீதம், 11 முதல் 6 சதவீதம் என்று தொடங்கி 14-ஆம் தேதி 10 சதவீதத்தைத் தொடுவது திட்டம். வாஷிங்டன் வட்டாரத்தின் மூன்று விமான நிலையங்களும் நெவார்க்கும் அந்தப் பட்டியலில் இருந்தன. கடல்கடந்த நெடுந்தூர விமானங்களை நிறுவனங்கள் பெரும்பாலும் விட்டுவைத்து, சிறிய உள்நாட்டு விமானங்களையே வெட்டின. ஆகவே வெளிநாட்டுப் பயணி பாதுகாப்பாக இருக்கிறார் என்று செய்திகளில் சொன்னார்கள். வெளிநாட்டு விமானத்தைப் பிடிக்க உள்நாட்டு விமானத்தில் ஏற வேண்டியவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

நவம்பர் 8 மாலை குறுஞ்செய்தி வந்தது. ரீகன்–நெவார்க் விமானம் ரத்து. பயணம் முழுவதும் நவம்பர் 19-க்குத் தானாக மாற்றப்பட்டுவிட்டது. கீழே "ஏற்கிறேன்" என்று ஒரு பொத்தான். 19-ஆம் தேதி அம்மாவின் ஐ-94 காலாவதியாகி மூன்று நாள் கடந்திருக்கும். அந்தப் பொத்தானை அழுத்தாதீர்கள். கணினி இருக்கை இருக்கும் நாளைத்தான் தேடுகிறது. உங்கள் பெற்றோரின் தங்கல் காலம் அதற்குத் தெரியாது. விமானத்தை நிறுவனமே ரத்து செய்தால், பயணி பயணத்தைக் கைவிடும் பட்சத்தில், திருப்பித் தர இயலாத டிக்கெட்டாக இருந்தாலும் முழுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும் என்பது அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் விதி. மாற்றுப் பயணத்தை ஏற்றுக்கொண்டுவிட்டால் அந்த உரிமை கைநழுவும். கடன் அட்டையில் கட்டியிருந்தால் ஏழு வேலை நாளுக்குள்ளும், மற்ற வழியில் கட்டியிருந்தால் இருபது நாளுக்குள்ளும் பணம் வர வேண்டும். ஆனால் தங்கும் விடுதிச் செலவையும் உணவுச் செலவையும் எதிர்பார்க்காதீர்கள். அரசு ஆணையால் ரத்தானதற்கு நிறுவனம் அவற்றைத் தரக் கடமைப்பட்டதில்லை.

விமான நிறுவனத்தின் தொலைபேசியில் நெடுநேரம் இசையைக் கேட்டபின் கிடைத்தவர், "முகவர் கொடுத்த டிக்கெட், முகவரிடமே பேசுங்கள்" என்றார். திருச்சியில் அப்போது ஞாயிறு விடியற்காலை. முகவரின் கைபேசிக்கு வாட்ஸாப்பில் செய்தி அனுப்பிவிட்டு, காத்திருக்காமல் நிறுவனத்தை மறுபடி அழைத்தேன். இந்த முறை மேற்பார்வையாளரைக் கேட்டு வாங்கி, புறப்பாடு 24 மணி நேரத்துக்குள் இருக்கிறது, ரத்து செய்தது நீங்கள், தங்கல் அனுமதி 16-ஆம் தேதி முடிகிறது என்று மூன்றையும் நிதானமாகச் சொன்னேன். நெவார்க்–டெல்லி விமானம் ரத்தாகவில்லை என்பதை முன்பே பார்த்து வைத்திருந்தேன். ஆகவே, "முதல் பகுதியை எடுத்துவிட்டு, நெவார்க்கிலிருந்தே பயணம் தொடங்கும்படி டிக்கெட்டை மாற்றி வழங்குங்கள்; அம்மாவை நெவார்க்குக் கொண்டுவந்து சேர்ப்பது என் பொறுப்பு" என்று கேட்டேன். சற்று இழுபறிக்குப் பின் ஒப்புக்கொண்டார்.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், பலர் எளிய வழி என்று நினைத்துச் செய்வது பெரும் ஆபத்தில் முடியும். உள்நாட்டு விமானத்தை விட்டுவிட்டு நேராக நெவார்க்கில் போய் நின்றால் ஏற்றிக்கொள்வார்கள் என்று எண்ணக் கூடாது. முதல் பகுதியில் பயணி ஏறவில்லை என்று பதிவானால் மீதி எல்லாப் பகுதிகளும் தானாக ரத்தாகிவிடும். நிறுவனமே டிக்கெட்டை மாற்றி எழுதி, பதின்மூன்று இலக்க மின்டிக்கெட் எண்ணுடன் உறுதிச் செய்தி அனுப்பிய பிறகே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். அந்த மாற்றத்தில் அம்மாவுக்குக் கேட்டிருந்த சக்கர நாற்காலியும் சைவ உணவும் பதிவிலிருந்து விழுந்துவிட்டிருந்தன. மறுபடி அழைத்துச் சேர்த்தேன். முதியவர்களுக்கு இது சிறிய விஷயமில்லை, கட்டாயம் சரிபாருங்கள். எதுவுமே கைகூடாவிட்டால் என்ன செய்வது என்பதையும் அந்த இரவே யோசித்து வைத்தேன். ஐ-94 முடியும் முன்பே ஐ-539 என்னும் தங்கல் நீட்டிப்பு விண்ணப்பத்தை இணையத்தில் கொடுக்கலாம். கட்டணம் அப்போது 420 டாலர். குடியேற்ற அலுவலகம் முடக்கத்திலும் இயங்கியதால் அந்த வழி திறந்தே இருந்தது. முடக்கம் என்பதற்காக ஐ-94 தேதியைத் தானாக நீட்டித்துத் தரமாட்டார்கள்.

மறுநாள் காலை மகனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, இரண்டு பெரிய பெட்டிகளுடன் அம்மாவை ஏற்றிக்கொண்டு காரில் புறப்பட்டேன். ஆம்ட்ராக் ரயில்கள் முடக்கத்திலும் ஓடின. அவற்றில் சில நெவார்க் விமான நிலைய நிலையத்திலேயே நிற்கும். தனியாகப் போகும் இளைஞருக்கு அதுவே சிறந்த வழி. ஆனால் அன்று கட்டணம் மிகவும் ஏறியிருந்தது. முழங்கால் வலியுள்ள அம்மாவையும் பெட்டிகளையும் ஒருத்தியாக ஏற்றி இறக்குவதும் இயலாது. ஐ-95 நெடுஞ்சாலையில் பால்டிமோர், டெலவேர், நியூ ஜெர்சி என்று இருநூறு மைலுக்கு மேல், வழியெல்லாம் சுங்கச்சாவடி. அன்று ஒரே நாளில் நாடெங்கும் 2,700-க்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. நெவார்க்கில் சக்கர நாற்காலி வந்து அம்மாவை அழைத்துச்செல்லும் வரை, பாதுகாப்புச் சோதனை வாயிலருகே நின்று அந்தச் சீருடை ஊழியர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சம்பளமில்லாமல் வீட்டில் இருந்த நானும், சம்பளமில்லாமல் அங்கே நாள் முழுவதும் நின்றுகொண்டிருந்த அவர்களும் ஒரே அரசின் ஊழியர்கள். பயணம் போகிறவர்களிடம் என் வேண்டுகோள், வரிசை எவ்வளவு நீண்டாலும் அவர்கள் மீது எரிந்து விழாதீர்கள். டெல்லி விமானம் இரண்டு மணி நேரம் தாமதமாகக் கிளம்பி, அங்கே சென்னை விமானம் தவறியது. ஒரே டிக்கெட்டாக இருந்ததால் அடுத்த விமானத்தில் கூடுதல் கட்டணமின்றி ஏற்றிவிட்டார்கள். தனித்தனி டிக்கெட்டாக இருந்திருந்தால் அந்தச் செலவும் அலைச்சலும் எழுபது வயதைக் கடந்த அம்மாவின் தலையில் விழுந்திருக்கும்.

நவம்பர் 12 அன்று பிரதிநிதிகள் சபையில் 222-க்கு 209 என்ற வாக்கில் மசோதா நிறைவேறி, அன்றிரவே கையெழுத்தானது. பின்சம்பளம் உண்டு என்பதும் முடக்க காலப் பணிநீக்கங்கள் திரும்பப் பெறப்படும் என்பதும் அந்தச் சட்டத்திலேயே எழுதப்பட்டன. 13-ஆம் தேதி வேலைக்குத் திரும்பினேன்; அடுத்த வாரத்துக்குள் சம்பளம் வந்துவிட்டது. விமானக் குறைப்பு ஆணை நவம்பர் 17 காலையில் முழுதாக நீங்கியது. வராதவற்றின் கணக்கு வேறு. கடன் அட்டை வட்டி சுமார் 140 டாலர். கார் கடனில் ஒரு மாத வட்டி. நெவார்க் பயணத்துக்குப் பெட்ரோல், சுங்கம், நிறுத்தக் கட்டணம், திரும்பும் இரவு களைப்பால் தங்கிய விடுதி எல்லாமாகச் சுமார் 280 டாலர். நான் வீட்டிலேயே இருந்தபோதும் மகனின் பள்ளி நேரத்துக்குப் பிந்தைய காப்பகத்துக்குக் கட்டிய 480 டாலர். காப்பகத்தை நிறுத்தினால் இடம் போய்விடும்; வேலைக்கு எப்போது அழைப்பார்கள் என்பதும் தெரியாது; ஆகவே கட்டித்தான் தீர வேண்டியிருந்தது. ரத்தான விமானப் பகுதிக்கான சிறு தொகை முகவர் வழியாக வரும் என்கிறார்கள். வேலையின்மை உதவியைத் திருப்பிக் கட்டச் சொல்லும் கடிதமும் வந்துவிட்டது. அந்தப் பணத்தைத் தனியாக எடுத்து வைத்திருந்ததால் அதிர்ச்சி இல்லை. மதுரை நண்பருக்கு வேலை திரும்பியது, இழந்த வாரங்களின் சம்பளம் திரும்பவில்லை.

நவம்பரில் நிறைவேறிய நிதியும் பெரும்பாலான துறைகளுக்கு 2026 ஜனவரி 30 வரைதான் இருந்தது. வேளாண்மை, முன்னாள் படைவீரர் நலன் போன்ற சில துறைகளுக்கு மட்டுமே 2026 செப்டம்பர் வரை உறுதியானது. ஆகையால் ஒரு மாத வாடகையைத் தனிக் கணக்கில் சேர்க்கத் தொடங்கியிருக்கிறேன். சம்பளத்தின் ஒரு பகுதி இப்போதே ஒரு கடன் சங்கத்தில் வரவாகிறது. பெற்றோரை அழைத்து வந்திருக்கும் நண்பர்கள் இப்போதே ஐ-94 தேதியைப் பார்த்துவிடுங்கள். அரசின் நிதி ஒதுக்கீடு தீரும் நாளை ஒட்டி அது முடிவதாக இருந்தால், திரும்பும் டிக்கெட்டை அதற்கு இரண்டு வாரமாவது முன்னதாக, உள்நாட்டு விமானம் குறுக்கிடாமல், வீட்டிலிருந்து காரில் போய்ச் சேரக்கூடிய விமான நிலையத்திலிருந்தே நேராக வெளிநாடு செல்லும்படி வாங்குங்கள். கட்டணம் நூறு இருநூறு டாலர் கூடுதலாக இருந்தாலும் அதையே வாங்குங்கள்.